கனடா காலேஜ், அமெரிக்க லீக், நம்ம கையில இந்தியா பாஸ்போர்ட்டு

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். கோவில்பட்டில இருந்து கனடால வான்கூவர் பக்கத்துல இருக்குற பர்னபிக்கு படிக்க வந்து நாலு மாசம் ஆகுது, காலேஜ் ஹாக்கி டீமுக்கு வீடியோ எடுக்க வாலண்டியரா சேத்துக்கிட்டாங்க, ஜனவரில டீம் அமெரிக்கா பக்கம் போகுது, "கனடா காலேஜ் எதுக்குண்ணே அமெரிக்காக்காரன் கூட லீக் ஆடுது, ஸ்டடி பர்மிட்ட வச்சுக்கிட்டு நானும் பஸ்ல ஏறிடலாமா"ன்னு கேட்டிருக்கீங்க. ரெண்டாவதுக்கு மொதல்ல சொல்லிடுறேன், ஏற முடியாது. அமெரிக்க விசா இல்லாம அந்த பஸ்ல ஏறாதீங்க. விவரம் கீழ சொல்றேன்.

நான் சாத்தூர் பக்கம், இங்க வந்து பதினேழு வருசம். வந்த புதுசுல ஆபீஸ்ல ஒருத்தர் "ஹாக்கி பாப்பியா"ன்னு கேட்டாரு, எங்க ஊரு பக்கம் கோவில்பட்டில புள்ளைங்க செம்மண்ணுல ஸ்டிக்கு புடிச்சு ஆடுறத நெனச்சுக்கிட்டு "ஓ நல்லா பாப்பேன்"ன்னு தலையாட்டிட்டேன், கூட்டிட்டுப் போனது ஐஸ் அரங்கம், மெல்லிசா ஒரு சட்டையோட போயி மூணு பீரியடும், அதாவது முழு ஆட்டமும், நடுங்கிட்டே உக்காந்திருந்தேன். இங்க ஹாக்கின்னா ஐஸ் மட்டும்தான், நம்ம ஹாக்கிய "ஃபீல்டு ஹாக்கி"ன்னு அடைமொழி போட்டு சொன்னாதான் புரியும்.

சரி, எதுக்கு எல்லை தாண்டி ஆடுறாங்கன்னா, இந்தப் பக்கம் அதுக்குப் பெரிய உதாரணம் உங்க தலைக்கு மேல மலையிலயே இருக்கு, சைமன் ஃப்ரேசர் யுனிவர்சிட்டி. 1965ல ஆரம்பிச்சப்பவே அவங்க கனடா காலேஜ் சங்கத்துல சேராம அமெரிக்காவோட என்ஏஐஏங்கற காலேஜ் விளையாட்டு சங்கத்துல போய் சேந்துட்டாங்க. காரணம் காசு. ஆட்டக்கார பசங்களுக்கு ஸ்காலர்ஷிப் குடுக்கணும்னு அவங்களுக்கு ஆசை, அப்ப கனடா காலேஜுங்க அத ஒத்துக்கல. இன்னொரு காரணம் தூரம். மேப்ப எடுத்துப் பாருங்க, கனடா மேற்கு கான்ஃபரன்ஸ்ல (கான்ஃபரன்ஸ்னா காலேஜுங்க சேந்து ஆடுற ஒரு லீக்) ஆடுனா விக்டோரியால இருந்து வின்னிபெக் வரைக்கும், ராக்கி மலையத் தாண்டி ஃபிளைட்டு ஏறி ஓடணும், ஆனா அமெரிக்கால பெல்லிங்ஹாம் இங்க இருந்து கார்ல ஒரு மணி நேரம் சொச்சம். நம்மூர்ல செங்கோட்டைக்காரன் ஒரு சாமானுக்கு சென்னை போவானா கொல்லம் போவானா, அந்த மாதிரி.

அப்புறம் என்சிஏஏ, அமெரிக்க காலேஜ் விளையாட்டோட பெரிய சங்கம், அதுல ரெண்டாம் டிவிஷன் மட்டும் கனடாவுக்குக் கதவத் தெறந்துச்சு. மொதல்ல உள்ள நுழைஞ்சது சைமன் ஃப்ரேசர்தான், 2010ல இருந்து அமெரிக்க வடமேற்கு காலேஜுங்க கூட கான்ஃபரன்ஸ்ல ஆட ஆரம்பிச்சு 2012ல முழு மெம்பர் ஆனாங்க. பக்கத்துலயே இருக்குற யூபிசி, அதான் பிரிட்டிஷ் கொலம்பியா யுனிவர்சிட்டி, ரெண்டு மூணு வருசம் யோசிச்சுட்டு 2011ல "நாங்க கனடாலயே இருந்துக்குறோம்"னு சொல்லிட்டாங்க. இதுல எனக்கு சிரிப்பு வந்த விசயம் ஒண்ணு, அந்த மெம்பர்ஷிப்புக்கு அமெரிக்க அங்கீகாரம் வேணும்ங்கறதால, கனடால பேர் வாங்குன சைமன் ஃப்ரேசர் யுனிவர்சிட்டி மொத்தமும், விளையாட்டு மட்டும் இல்ல, வகுப்பு பாடம் எல்லாத்தயும் அமெரிக்க அமைப்பு கிட்ட காட்டி அங்கீகாரம் வாங்குச்சு, 2016ல கெடச்சுது. கபடி டீமுக்காக நம்ம மதுரை காமராசர் யுனிவர்சிட்டி இலங்கைல போய் அங்கீகாரம் வாங்குனா எப்பிடி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க!

ஆனா ஐஸ் ஹாக்கி கத வேற. என்சிஏஏ ரெண்டாம் டிவிஷன் ஐஸ் ஹாக்கிக்கு தேசியக் கோப்பை நடத்தல, அதனால அந்த டிவிஷன் காலேஜுங்கள்ல ஹாக்கி வெறி புடிச்ச சிலது ஹாக்கிக்குன்னு முதல் டிவிஷனுக்கு ஏறி ஆடுதுங்க, மிச்சிகன்ல கனடா எல்லை ஆத்தங்கரைலயே இருக்குற லேக் சுப்பீரியர் ஸ்டேட் மாதிரி. சைமன் ஃப்ரேசர்ல ஹாக்கி அந்த சங்கத்துக்கு வெளிலயேதான் இருந்துச்சு, பிரிட்டிஷ் கொலம்பியா காலேஜ் லீக்ல ஆடுனாங்க, 2006ல தொடங்குன லீக் அது. அந்த லீக்குக்கு ஸ்போகேன் பக்கத்துல இருந்து ஈஸ்டர்ன் வாஷிங்டன் யுனிவர்சிட்டி பசங்க எல்லை தாண்டி மேல வந்து ஆடிட்டு இருந்தாங்க. அதாவது கூடைப்பந்துக்கு கனடா காலேஜ் அமெரிக்கா லீக்ல, ஹாக்கிக்கு அமெரிக்க காலேஜ் கனடா லீக்லன்னு ஆடுனாங்க. யாரு பக்கத்துல இருக்கானோ அவன் கூட ஆட்டம், அவ்ளோதான். இது புதுசும் இல்ல, 1923லயே கனடாவோட கிங்ஸ்டன் ராணுவக் கல்லூரிக்கும் அமெரிக்காவோட வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரிக்கும் ஹாக்கி மேட்ச் நடந்திருக்கு.

இப்பிடி அடுத்தவன் வீட்டுத் திண்ணைல பாய் விரிச்சா ஒரு சிக்கல் இருக்கு, வீட்டுக்காரன் என்னைக்கு வேணா எழுந்திரிக்கச் சொல்லலாம். சைமன் ஃப்ரேசர் அமெரிக்கன் ஃபுட்பால் டீமுக்கு அதான் நடந்துச்சு. பக்கத்துல ஃபுட்பால் ஆடுற காலேஜுங்க கொறஞ்சு போய், கடைசில டெக்ஸாஸ்ல இருக்குற லோன் ஸ்டார் கான்ஃபரன்ஸ்ல போய் ஒட்டிக்கிட்டாங்க, பக்கத்துல இருக்குன்னுதான அமெரிக்கா போனது, கடைசில டெக்ஸாஸ். அந்த கான்ஃபரன்ஸும் 2023 சீசனுக்கு அப்புறம் புதுப்பிக்க மாட்டோம்னு சொல்ல, அந்த ஏப்ரல்லயே டீமயே கலைச்சுட்டாங்க. கனடா பக்கம் உடனே திரும்பி வர்றதும் லேசு இல்ல, கனடா ஃபுட்பாலுக்கு மைதான அளவும் வேற, ரூல்ஸும் வேற.

சரி உங்க பஸ்ஸுக்கு வாரேன். என் பையன் சின்ன வயசுல ஹாக்கி ஆடுனான், பெல்லிங்ஹாம்ல ஒரு டோர்னமென்ட். நான் அப்ப பிஆர், அதாவது கனடால நிரந்தரமா இருக்க அனுமதி வாங்குனவன், கைல இந்தியா பாஸ்போர்ட், பிஆர் கார்டு இருக்கே போதும்னு நெனைக்காம நல்லவேளையா விசா எடுத்து வச்சிருந்தேன். எல்லைச் சாவடில முன்னாடி போன நாலு காரும், கருநீலப் பாஸ்போர்ட்ட நீட்டி, ரெண்டு கேள்வி, போயிட்டாங்க. என்ன மட்டும் ஓரமா நிறுத்தி உள்ள போகச் சொன்னாங்க. உள்ள போனா வரிசை, ஐ 94ங்கற அமெரிக்க நுழைவுப் பதிவுத் தாள், கைரேகை, போட்டோ, "எதுக்குப் போறீங்க, எப்ப திரும்புவீங்க, யாரோட டீம்". பையன் முழங்கால் பேட கட்டிக்கிட்டு ஹெல்மெட்ட மடில வச்சிட்டு பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருந்தான், ஒன்ற மணி நேரம். கார்ல இருந்த ஆரஞ்சு நாலயும் வேற எடுத்துட்டாங்க. அரங்கத்துக்கு போய்ச் சேர்றப்ப மொத பீரியடு முடிஞ்சிருச்சு. அவன் இன்னும் சொல்லிக் காட்டுவான்.

அதனால நீங்க செய்ய வேண்டியது. பி1 பி2 விசாவுக்கு, அதான் அமெரிக்காவுக்குச் சும்மா போயிட்டு வர்ற விசாவுக்கு, இப்பவே அப்ளை பண்ணுங்க, நீங்க இங்க படிக்கிறதால வான்கூவர் கான்சுலேட்ல பண்ணலாம், அப்ளிகேஷன் ஃபீஸ் 2025ல 185 அமெரிக்க டாலரா இருந்துச்சு, ஆனா தேதி கெடைக்கிறதுதான் பாடு, ஜனவரி ட்ரிப்புக்கு கெடைக்கும்னு நம்பி இருக்காதீங்க. உங்க பேருல என்ன வேலைக்குப் போறீங்க, சம்பளம் கெடையாதுன்னு காலேஜ்ல ஒரு லெட்டர் வாங்கி வைங்க, கேமரா பையோட நின்னா கண்டிப்பா கேப்பாங்க. ரோடு வழியா போனா ஐ 94க்கு தனிக் காசு, முன்னாடி 6 டாலரா இருந்தது, 2025ல 30 ஆக்கிட்டாங்க. நல்ல செய்தியும் ஒண்ணு, உங்க கனடா விசா ஸ்டிக்கர் தேதி முடிஞ்சிருந்தாக்கூட, ஸ்டடி பர்மிட்டு உயிரோட இருந்து அமெரிக்கா மட்டும் போயிட்டு நேரா திரும்பினா உள்ள விட்டுருவாங்க, அங்க இருந்து அப்பிடியே ஊருக்குப் போயிட்டு வந்தா அது செல்லாது. ஒருவேள அமெரிக்க விசா மறுத்துட்டா அதோட உலகம் முடியல, ஆனா நாளைக்கு கனடால எதுக்கு அப்ளை பண்ணாலும் "வேற நாட்டுல விசா மறுத்திருக்காங்களா"ன்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல மறைக்காம எழுதிடணும். மறச்சு மாட்டுனவங்க ரெண்டு பேர எனக்குத் தெரியும்.

கோச்சு கிட்ட நேரா சொல்லிருங்க, "எனக்கு விசா வேணும், மத்தவங்க மாதிரி இல்ல"ன்னு. அவங்களுக்கு இது தோணவே தோணாது, பஸ்ல இருக்குற மத்த எல்லாரும் கனடா பாஸ்போர்ட்டா இருக்கும். ஜனவரில விசா வரலன்னா உள்ளூர் மேட்ச் மட்டும் எடுங்க, அங்கயும் உங்கள மாதிரி அழகா கேமரா புடிக்கிற ஆளு தேவதான்.

அப்புறம் பக்கத்து ஊரு சர்ரேல தமானவிஸ் பார்க்குன்னு ஒண்ணு இருக்கு, பஞ்சாபி பசங்க நம்ம ஹாக்கி ஆடுவாங்க, நல்ல டர்ஃப். ஸ்டிக்கு கொண்டு வந்திருந்தா சொல்லுங்க, ஞாயித்துக்கெழம நான் கார்ல கூட்டிட்டுப் போறேன், ஸ்வெட்டர் மட்டும் மறக்காம எடுத்துட்டு வாங்க.