வாசகர் கேள்வி – பதில்: நோர்போக் கிராமத்தில் ஒரு சுன்னாகத்து வாக்கு

கேள்வி: என் மகன் இங்கிலாந்தின் நோர்போக் பகுதியில், ஒரு கிராமத்து முதியோர் இல்லத்தில் வேலை விசாவில் பணிபுரிகிறார். பிரித்தானியக் குடியுரிமை அவருக்கு இல்லை. ஆனால், மாவட்ட சபை இடைத்தேர்தல் ஒன்றுக்கு அவர் பெயரில் வாக்காளர் அட்டை வந்திருக்கிறது. பிழையாக வந்ததா? வாக்களித்தால் விசாவுக்குச் சிக்கல் ஏற்படுமா? (வாசகர், சுன்னாகம்)

பதில்: பிழையாக வரவில்லை. பிரித்தானியாவில் சட்டப்படி தங்கியிருக்கும் பொதுநலவாய நாட்டவர்கள், 18 வயது நிறைந்தவர்களாயின், உள்ளூராட்சித் தேர்தலில் மட்டுமன்றிப் பாராளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். இலங்கை பொதுநலவாயத்தில் இருப்பதால் உங்கள் மகனுக்கும் அந்த உரிமை உண்டு. அவரவர் விண்ணப்பித்தால்தான் அங்கு வாக்காளர் இடாப்பில் பெயர் சேரும். போன புதிதில் யாரோ சொல்லப் பதிந்துவிட்டு, அதை மறந்திருப்பார் என்றே நினைக்கிறேன். சட்டம் தந்த உரிமையைப் பயன்படுத்துவதால் விசாவுக்குக் கேடு வராது.

இங்கு ஓர் உறுப்பினரின் இடம் வெறிதானால், கட்சியோ சுயேச்சைக் குழுவோ இன்னொருவரின் பெயரைக் கொடுத்து அதை நிரப்பிவிடும். அங்கு அப்படியன்று, வாக்காளர் இருவர் எழுத்தில் கேட்டாலே அந்த ஒரு வட்டாரத்துக்கு மட்டும் தேர்தல் வைக்க வேண்டும். வேட்பாளர்கள் கட்டுப்பணம் செலுத்துவதில்லை. விகிதாசாரப் பட்டியலும் கிடையாது. கூடுதல் வாக்குப் பெற்றவரே வென்றவர்.

வாக்களிப்பு காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை நடைபெறுவதால், பகல் வேலை முடிந்தும் போகலாம். அட்டையை விட்டுச் சென்றாலும் குற்றமில்லை, ஆனால் புகைப்படமுள்ள அடையாள ஆவணம் கட்டாயம். நமக்கு நெடுநாள் பழகிய இந்த வழக்கம், இங்கிலாந்தின் உள்ளூராட்சித் தேர்தல்களுக்கு 2023 மே மாதத்தில்தான் வந்தது. இலங்கைக் கடவுச்சீட்டை ஏற்றுக்கொள்வார்கள். அது காலாவதியாகியிருந்தாலும் படத்திலுள்ள முகம் ஒத்திருந்தால் போதும். வாசலில் கட்சி நிறத்தில் பட்டுப்பூ குத்திய ஒருவர் நின்று வாக்காளர் இலக்கத்தைக் கேட்கக்கூடும். நம்மூர்ப் பழக்கத்தில் உங்கள் மகன் திடுக்கிடலாம். அவர் அதிகாரியல்லர், தம் ஆதரவாளர்களில் யார் வந்து போனார்கள் என்று கணக்கெடுக்கும் கட்சித் தொண்டர், அவருக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. உள்ளே மறைப்புக்குள் ஒரு பென்சில் இருக்கும். அதனால் புள்ளடி இட்டாலும் வாக்குச் செல்லும், மனம் ஒப்பாவிட்டால் சொந்தப் பேனையைக் கொண்டுபோகலாம். விரலுக்கு மை பூசமாட்டார்கள்.

கேள்வி: அந்த ‘மாவட்ட சபை’ நமது மாவட்டச் செயலகத்தைப் போன்றதா, மாகாண சபையைப் போன்றதா? (வாசகர், கொடிகாமம்)

பதில்: இரண்டும் அன்று. ‘மாவட்ட சபை’ என்றதும் 1981 யூன் 4இல் நடந்த மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலையும், அதற்குச் சில நாள்கள் முன்னர் எரிந்த நூலகத்தையும் நினைக்கும் தலைமுறை இன்னும் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது; ஆனால் இங்கிலாந்தின் மாவட்ட சபை, அதிகாரத்தில் நமது பிரதேச சபைக்கே கிட்டியது. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1974 ஏப்ரலில் இப்போதைய வடிவம் பெற்ற இச்சபைகளுக்கு மேலே, பாடசாலை, வீதி, முதியோர் பராமரிப்பு ஆகியவற்றைக் கவனிக்கும் கவுண்டி சபையும், கீழே பல இடங்களில் சிறிய ஊர்ச் சபையும் உண்டு. குப்பை அகற்றுவதும் கட்டட அனுமதி வழங்குவதும் மாவட்ட சபையின் வேலை. நமது சோலைவரியை ஒத்த கவுன்சில் வரிக்குப் பற்றுச்சீட்டு அனுப்பி அறவிடுவதும் அதுவே. ஆனால் பணத்தின் பெரும்பகுதி கவுண்டி சபைக்கும் பொலிசுக்கும் போய்விடும், ஏச்சு மட்டும் மாவட்ட சபையிடமே தங்கும்.

கிராமப்புறத்தில் வாக்கை அசைப்பது பெரும்பாலும் கட்டட அனுமதிதான். ஒரு வயலில் நூறு வீடுகள் கட்ட ஒரு நிறுவனம் விண்ணப்பித்துவிட்டால், குறுகிய ஊர் வீதி அத்தனை வாகனங்களைத் தாங்குமா, மழைநீர் எங்கே வடியும் என்பவையே வீடு வீடாகப் பேச்சாகும். நிரந்தர வயற்காணிகள் மண் நிரப்பப்படுவதைக் கண்ட நமக்கு அந்தப் பேச்சு புதிதன்று. அத்தகைய வேளையில் கட்சி சாராத உள்ளூர்க்காரர் ஒருவர் பெரிய கட்சிகளை வீழ்த்துவதும் உண்டு.

சுன்னாகத்து வாசகருக்கு இன்னும் ஒன்று: நோர்த் யோர்க்ஷயரிலும் சமர்செட்டிலும் இருந்த மாவட்ட சபைகள் 2023இல் கலைக்கப்பட்டு, அந்தந்தக் கவுண்டிக்கு ஒரே சபை என்றாக்கப்பட்டன. எஞ்சிய ஈரடுக்குப் பகுதிகளையும் அவ்வாறே மாற்றும் திட்டத்தை 2024 டிசம்பர் வெள்ளை அறிக்கையில் அந்நாட்டு அரசு முன்வைத்தது. நோர்போக்கும் அத்தகைய ஈரடுக்குப் பகுதிதான்.