ஒரே பள்ளி மாவட்டம், இரண்டு மிடில் ஸ்கூல்: 60,000 டாலர் கூடுதலாகக் கொடுக்கலாமா?

கேள்வி: டெக்சஸ் மாநிலம் பிளேனோவில் வாடகைக்கு இருக்கிறோம். மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அவள் மிடில் ஸ்கூல் போவதற்குள் வீடு வாங்கிவிட நினைக்கிறோம். இரண்டு வீடுகள் பிடித்திருக்கின்றன. இரண்டுமே பிளேனோ ஐ.எஸ்.டி. என்ற பள்ளி மாவட்டத்தின் எல்லைக்குள்தான், பிற்பாடு இரண்டிலிருந்தும் ஒரே சீனியர் ஹை ஸ்கூலுக்குத்தான் போவார்கள். ஆனால் ரியல் எஸ்டேட் தளத்தில் ஒரு மிடில் ஸ்கூலுக்குப் பத்துக்கு 9, மற்றதற்கு 6 என்று போட்டிருக்கிறது. 9 உள்ள வீடு 60,000 டாலர் அதிகம். நண்பர்கள் எல்லோரும் 9-ஐ விடாதே என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அந்த எண்ணை மட்டும் பார்த்து 60,000 டாலரைக் கொடுத்துவிடாதீர்கள். வீட்டு விளம்பரங்களுக்கு அடியில் வரும் அந்த எண் பெரும்பாலும் கிரேட்ஸ்கூல்ஸ் என்ற அமைப்பு தருவது. மாநிலத் தேர்வு மதிப்பெண்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. தேர்வு மதிப்பெண்ணோ குடும்ப வருமானத்தோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது. ஒரே மாவட்டத்துக்குள் பாடத்திட்டமும் ஒன்றுதான், ஆசிரியர் சம்பள அளவும் ஒன்றுதான். ஆகவே 9-க்கும் 6-க்கும் உள்ள இடைவெளியில் பெரும்பகுதி, அந்தப் பள்ளிக்கு எந்த வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள் என்பதைத்தான் சொல்கிறது.

பள்ளி என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமானால் டெக்சஸ் கல்வித் துறை வெளியிடும் 'ஏ' முதல் 'எஃப்' வரையிலான தரவரிசைக்குப் போங்கள். அங்கேயும் மொத்த எழுத்தோடு நிறுத்திவிட வேண்டாம். தேர்ச்சி நிலை, மாணவர் முன்னேற்றம் இரண்டில் எது அதிகமோ அதற்கு 70 சதவீதம், பல தரப்புப் பிள்ளைகளுக்கு இடையிலான இடைவெளியைக் குறைப்பதற்கு 30 சதவீதம் என்று கூட்டித்தான் அந்த எழுத்து வருகிறது. நீங்கள் பார்க்க வேண்டியது முன்னேற்றப் பகுதி. போன வருடத் தேர்விலிருந்து அதே பிள்ளை எவ்வளவு மேலே வந்தது என்பது அதில் ஒரு பிரிவு. ஏறக்குறைய இதே அளவு ஏழைப் பிள்ளைகள் உள்ள மற்றப் பள்ளிகளோடு ஒப்பிட்டால் இந்தப் பள்ளி எங்கே நிற்கிறது என்பது இன்னொரு பிரிவு. '6' பள்ளி இதில் '9' பள்ளிக்குச் சமமாகவோ மேலேயோ இருந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது.

அடுத்து, ஒவ்வொரு பள்ளிக்கும் துறை வெளியிடும் ஆண்டறிக்கை. பெரிய அட்டவணைதான், ஆனால் பொறுமையாகப் படிக்கத் தகும். 'ஸ்டார்' என்ற மாநிலத் தேர்வின் முடிவுகள் கீழிருந்து மேலாக மூன்று படிகளாக இருக்கும்: 'அப்ரோச்சஸ்', 'மீட்ஸ்', 'மாஸ்டர்ஸ்'. 'அப்ரோச்சஸ்' என்றாலே பாஸ்தான் என்பதால் அது எல்லா இடத்திலும் அழகாகத் தெரியும். 'மீட்ஸ்', 'மாஸ்டர்ஸ்' வரிசைகளைப் பாருங்கள். அதுவும் பள்ளியின் மொத்தச் சராசரியாக வேண்டாம். பொருளாதாரத்தில் பின்தங்கியவர்கள் என்ற பத்தியை ஒரு பள்ளியிலிருந்தும் அதே பத்தியை மற்றப் பள்ளியிலிருந்தும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அப்புறம் மற்றப் பிரிவுகளையும் அதேபோல. பிரிவுக்குப் பிரிவு வித்தியாசம் சுருங்கிவிட்டால் அந்த 60,000 எதற்கு என்று நீங்களே கேட்பீர்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்கள் எத்தனை சதவீதம் என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. அது ஒரு பள்ளியில் மட்டும் தூக்கலாக இருந்தால் காரணம் கேளுங்கள்.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. எட்டாம் வகுப்புக் கணக்கு முடிவு மோசமாகத் தெரிந்தால் பயந்துவிடுகிறார்கள். வழக்கமாக ஒன்பதாம் வகுப்பில் வரும் அல்ஜீப்ரா 1 என்ற கணக்குப் பாடத்தை எட்டாம் வகுப்பிலேயே படிக்கும் பிள்ளைகள் எட்டாம் வகுப்புக் கணக்குத் தேர்வை எழுதுவதில்லை. அல்ஜீப்ராவுக்கான தனித் தேர்வை எழுதுகிறார்கள். கணக்கில் கெட்டிக்காரர்கள் அந்தப் பக்கம் போய்விடுவதால் இந்த வரிசை இறங்கித் தெரியும். அதே பள்ளியின் அல்ஜீப்ரா 1 வரிசையையும், எத்தனை பேர் அதை எடுக்கிறார்கள் என்பதையும் பாருங்கள்.

உங்கள் மகளுக்கு இது இப்போதே முக்கியம். 2023-ல் வந்த மாநிலச் சட்டப்படி, ஐந்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் முதல் 40 சதவீதத்துக்குள் வரும் பிள்ளையை ஆறாம் வகுப்பில் அட்வான்ஸ்டு கணக்கில் பள்ளியே சேர்க்க வேண்டும். எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1-க்குப் போகும் பாதை அதுதான். பெற்றோர் வேண்டாம் என்றால்தான் விலக்கு. இரண்டு பள்ளிக்கும் இதே விதிதான்.

சரி, பணக்கணக்கு. கவுண்டி, நகரம், பள்ளி, கல்லூரி என்று எல்லாம் சேர்த்துப் பிளேனோவில் சொத்துவரி சுமார் 1.7 சதவீதம். 60,000 டாலருக்கு வருடம் ஏறக்குறைய 1,000 டாலர் கூடுதல் வரி, மகள் மிடில் ஸ்கூலை முடித்த பிறகும். கடனுக்கு வட்டி தனி.

பள்ளி எல்லை நிரந்தரமும் இல்லை. மாணவர் எண்ணிக்கை குறைந்ததால் ஆர்ம்ஸ்ட்ராங், கார்ப்பென்டர் என்ற இரண்டு மிடில் ஸ்கூல்களை 2024-25 கல்வியாண்டோடு மூட பிளேனோ ஐ.எஸ்.டி. முடிவெடுத்தது. அங்கே படித்த பிள்ளைகள் வேறு பள்ளிகளுக்குப் பிரிந்தார்கள். அந்தப் பள்ளிகளை நம்பி வீடு வாங்கியவர்களை நினைத்தால் மனம் கஷ்டப்படுகிறது.

என் கருத்து: முன்னேற்ற மதிப்பெண்ணும் அல்ஜீப்ரா வரிசையும் ஏறக்குறைய சமமென்றால் '6' பள்ளி உள்ள வீட்டையே வாங்குங்கள். அதற்கு முன் மகளை அழைத்துக்கொண்டு இரண்டு பள்ளிகளையும் ஒரு முறை பாருங்கள். நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்களென்றால் பள்ளிப் பேருந்து உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2 மைலுக்குள் இருந்தால் பெரும்பாலும் கிடைக்காது.

கேள்வி: முகவரியில் ஃபிரிஸ்கோ என்று இருந்தால் ஃபிரிஸ்கோ ஐ.எஸ்.டி. பள்ளிதானே?

பதில்: இல்லை. ஃபிரிஸ்கோ நகரத்தின் சில பகுதிகள் பிராஸ்பர், லூயிஸ்வில், லிட்டில் எல்ம் மாவட்டங்களில் இருக்கின்றன. பிளேனோ, மெக்கின்னி நகரங்களின் சில பகுதிகள் ஃபிரிஸ்கோ ஐ.எஸ்.டி.யில் இருக்கின்றன. விளம்பரத்தில் பள்ளிப் பெயர் இருந்தாலும் அதை வாங்குபவரே சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்ற வரியும் கூடவே இருக்கும். மாவட்டத்தின் இணையதளத்தில் வீட்டு எண்ணோடு முகவரியைப் போட்டுத் தேடுங்கள், அலுவலகத்துக்கும் ஒரு போன் போடுங்கள். ஒப்பந்தத்தில் ஆப்ஷன் காலம், அதாவது காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ளும் உரிமை உள்ள நாட்கள், வாங்கியிருந்தால் அது முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். பில்டரிடம் புது வீடு வாங்கும்போது அந்த ஆப்ஷன் காலம் பெரும்பாலும் இருக்காது. அங்கே கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.