பூட்டி ஏன் சொல்லிக் கொடுக்கவில்லை?

கேள்வி: என்ட மகன் கனடாவில் வெள்ளைக்காரப் பிள்ளையைக் கட்டியிருக்கிறான். மருமகளின் பூட்டி, ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவின் நெப்ராஸ்காவுக்குப் போய் வேளாண்மை செய்த குடும்பத்து மகளாம். வீட்டில் ஜெர்மன் பேசி வளர்ந்தவ, தன் பிள்ளைகளுக்கு ஒரு சொல்லும் பழக்கவில்லையாம். ஏன் அக்கா அப்படி?
(ஒரு வாசகி, களுவாஞ்சிக்குடி)

பதில்: தங்கச்சி, அந்தப் பூட்டியில் குற்றம் காணாதீங்க.

அமெரிக்காவின் 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசாங்கக் காணியில் ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் சொந்தமானது. அதை நம்பி வந்த குடும்பங்கள் பல. மரமில்லாத வெளி, அதனால் புல்லை வேரோடு கட்டியாக வெட்டி அடுக்கித்தான் முதல் வீடு. அந்த வீட்டு மகளுக்கு விடியமுதல் பால் கறக்க வேணும், கோழி பார்க்க வேணும், தம்பி தங்கச்சியைத் தூக்க வேணும். கோதுமை சூடடிக்க வந்த ஆட்களுக்கெல்லாம் தாயோடு நின்று சமைக்க வேணும். நம்மட வயல் வாடியில் சோறாக்கிய பெண்களுக்கு இது விளங்கும். வீடு, கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் ஜெர்மன்தான்.

1917இல் அமெரிக்கா ஜெர்மனியோடு யுத்தத்தில் இறங்கியதும் அந்தப் பேச்சே சந்தேகமாகிவிட்டது. யுத்தம் முடிந்த பிறகும் விடவில்லை. எட்டாம் வகுப்பு முடிக்காத பிள்ளைக்கு வேற்று மொழி படிப்பிக்கக் கூடாதென்று 1919இல் நெப்ராஸ்கா சட்டம் போட்டது. அடுத்த வருடம் ராபர்ட் மேயர் என்ற ஆசிரியர், பத்து வயதுப் பையனுக்கு வேதாகமக் கதையை ஜெர்மனில் வாசிக்கப் பழக்கினார். அதற்கு 25 டொலர் குற்றப்பணம்! 1923இல் அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. ஆனால் அதற்குள் எத்தனை தாய்மார் வாயைப் பூட்டியிருப்பார்கள்.

எனக்கு இது புத்தகச் செய்தியாகத் தெரியவில்லை. நம்மட யுத்த காலத்தில், மண்முனைத் துறையடியில் ஆமிச் சோதனைக்கு இறங்கும்போது என் அம்மா கையை இறுக்கிப் பிடித்து, "வாயத் துறக்காத மகள்" என்பா. அவவின் விரல் குளிர்ந்து கிடக்கும். பிள்ளையைக் காப்பாற்றத்தான் அந்தப் பூட்டியும் பேச்சை அடக்கியிருப்பா.

மருமகளிடம் ஒன்று கேட்டுப் பாருங்க. சாப்பிட முன்னம் வீட்டில் ஜெர்மனில் செபம் சொல்லுவாங்களா என்று. "வாரும் ஆண்டவர் யேசுவே, எங்கள் விருந்தாளியாயிரும்" என்று தொடங்கும் செபம் லுத்தரன் வீடுகளில் வெகு பழக்கம். பேச்சுப் போன பிறகும் செபம் நாக்கில் நிற்கும். அவவுக்கு ஞாபகமிருந்தால் பேரப்பிள்ளைக்கு அதைப் பழக்கட்டும். தமிழை நீங்க வட்ஸ்அப்பில் பாருங்க. நாளைக்கே தொடங்குங்க, "அம்மம்மா" இல்லை, "அப்பம்மா" என்று கூப்பிடப் பழக்கி.