17 டாலர் கிதார் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கப் பாடகி லொரெட்டா லின் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். பதினைந்து வயதில் மணமான ஓர் ஏழைப் பெண்ணை, அமெரிக்க நாட்டுப்புற மரபில் வந்த கண்ட்ரி இசையின் பெரும் பாடகியாக்கியது, கணவர் வாங்கித் தந்த 17 டாலர் கிதார்தான் என்று பலரும் சொல்கிறார்கள். அது சரிதானா?

வாசகி, திருநெல்வேலி

அன்புள்ள சகோதரிக்கு,

கிதாரை வாங்கித் தந்தவரும், மேடையேறச் சொல்லி வற்புறுத்தியவரும் கணவர் ஆலிவர் லின்தான். அந்தப் பெருமையை அவரிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை. ஆனால் 1953-இல் அந்தக் கிதார் வந்து சேர்ந்தபோது லொரெட்டாவுக்கு வயது 21. பாட்டு அவரிடம் அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில் புட்சர் ஹாலோ என்னும் மலையிடுக்கில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் எட்டுப் பிள்ளைகளில் இரண்டாமவராக 1932-இல் பிறந்த அவர், தம்பி தங்கைகளுக்குத் தாலாட்டுப் பாடியும், தேவாலயத்தில் பாடியும், சனிக்கிழமை இரவுகளில் வானொலியில் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்ற புகழ்பெற்ற கண்ட்ரி இசை மேடை நிகழ்ச்சியைக் கேட்டும் வளர்ந்தவர். மணமானபின் நாட்டின் மறுகோடியிலிருந்த வாஷிங்டன் மாநிலத்துக் கஸ்டர் என்ற சிற்றூரில், பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே கிதாரைத் தானாகவே கற்றுக்கொண்டார்.

என் மனத்தில் நிற்பது அவருடைய முதல் இசைத்தட்டுதான். கணவனைப் பிரிந்து, மதுக்கூடத்தில் அழுதுகொண்டு அமர்ந்திருந்த ஒரு பெண்ணைக் கண்டு அவர் எழுதிய பாட்டு அது. 1960-இல் ஒரு சிறு நிறுவனம் அதை வெளியிட்டபோது, கணவனும் மனைவியும் காரிலேயே உறங்கி, ஊர் ஊராக வானொலி நிலையங்களின் படியேறி, இசைத்தட்டைக் கையில் கொடுத்து ஒலிபரப்பச் சொன்னார்கள். அது அமெரிக்க இசை இதழான பில்போர்டின் கண்ட்ரி பாடல் தரவரிசைப் பட்டியலில் 14-ஆம் இடத்தை எட்டியது. அந்த அக்டோபரிலேயே அவர் ஆப்ரி மேடையில் பாடினார்.

பக்கத்தில் இருப்பவளின் துயரத்தை அவள் பேச்சிலேயே சொல்லத் தெரிந்த அந்தக் காதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. 1970-இல் வெளிவந்த 'கோல் மைனர்ஸ் டாட்டர்' (சுரங்கத் தொழிலாளியின் மகள்) பாட்டில் சொந்த வீட்டையே அப்படிப் பாடினார். துவைப்பலகையில் தேய்த்துத் தேய்த்து அம்மாவின் விரல்களில் இரத்தம் கசிந்ததுகூட அதில் உண்டு. பாட்டு நீண்டுவிட்டதென்று தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி சொன்னதால், சில சரணங்களை வெட்டவேண்டி வந்தது. அந்த வரிகள் போனதில் எனக்கு இன்றும் வருத்தம்தான். பாட்டின் நாயகனான தந்தை டெட் வெப் 1959-இலேயே இறந்துவிட்டார். மகளின் ஓர் இசைத்தட்டைக்கூட அவர் கேட்கவில்லை.