குடும்பத்தோடு கல்லணைக்கு சைக்கிளில் போகிறோம். மூன்று சைக்கிளுக்கும் ஒரே பம்பு போதுமா? பஞ்சரானால்?

போதும், பம்புத் தலையில் இரண்டு துளை இருந்தால். பெரிய துளை ஷ்ரேடர் வால்வுக்கு (பைக்கில் இருப்பதுதான், பிள்ளைகள் சைக்கிளில் அதிகம்). சின்னது சில கியர் சைக்கிள்களில் இருக்கும் பிரெஸ்டா வால்வுக்கும் பழைய கறுப்பு சைக்கிளின் டன்லப்புக்கும். பிரெஸ்டாவில் நுனித் திருகைத் தளர்த்தாமல் அடித்தால் காற்று ஏறாது.

டன்லப்பில் காற்று மெதுவாக இறங்கினால் உடனே டியூபைக் கழற்றாதீர்கள். வால்வில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால் வால்டியூப் (வால்வின் உள்ளே மாட்டும் சின்ன ரப்பர் குழாய்) வெடித்திருக்கும். வெயிலில் அந்த ரப்பர் சீக்கிரம் போய்விடும். இரண்டு துண்டு கையில் இருக்கட்டும்.

ஆற்றங்கரைப் பாதையில் எதிரி சீமைக்கருவேல முள். நுனி ஒடிந்து டயருக்குள்ளேயே நிற்கும். ஒட்டுப் போடுமுன் டயரின் உட்புறத்தைத் துணியால் சுற்றித் துடையுங்கள், முள் துணியில் மாட்டும். அதை விட்டுவிட்டால் அடுத்த மதகுக்குள் மறுபடி பஞ்சர். உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் பூசி, ஈரம் காய்ந்த பிறகே ஒட்டை அழுத்துங்கள். அவசரத்தில் ஒட்டியது பெயர்ந்துவிடும்.