பஸ்தருக்குப் போக நினைக்கும் டீச்சருக்கு

கேள்வி: எனக்கு வயது 61. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கள்ளர் சீரமைப்புத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். கணவர் இல்லை. சத்தீஸ்கர் மாநிலம் தந்தேவாடா மாவட்டத்தில் வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனம், ஓராண்டு வந்து கிராமப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க முடியுமா என்று கேட்கிறது. சம்பளம் கிடையாது. தங்குமிடம், சாப்பாடு, போகவர டிக்கெட் மட்டும். கோயம்புத்தூரில் இருக்கும் மகன், "நக்சலைட் ஊருக்கா போற, டிவி பாக்குறதே இல்லையா?" என்று சத்தம் போடுகிறான். சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுப்பாடாக இருக்கிறது. பிராத்மிக், மத்யமா எழுதிய அளவுக்கு ஹிந்தி தெரியும். அங்கே அன்றாடம் எப்படி இருக்கும்? போகலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, உசிலம்பட்டி வட்டம்

பதில்: போகலாம் டீச்சர். ஆனால் ஓராண்டு என்று இப்போதே தலையாட்டிவிடாதீர்கள். நவம்பரில் வந்து பிப்ரவரி முடிய இருக்கிறேன், அப்புறம் பார்ப்போம் என்று எழுதுங்கள். பணி ஓய்வுக்குப் பிறகு நானும் தந்தேவாடா அடங்கிய அந்தப் பஸ்தர் பக்கம் இதே வேலையாக இருந்தவன் என்பதால் சொல்கிறேன். மழைக்காலத்தில் ஓடைகள் பெருகி, பாதி ஊருக்குப் பாதையே இருக்காது. மார்ச்சில் இலுப்பைப் பூ உதிரத் தொடங்கிவிடும். விடிவதற்கு முன்பே பிள்ளைகள் கூடையோடு காட்டுக்குள் போய்விடுவார்கள். அது முடிந்ததும் பீடி சுற்றும் தெந்து இலை பறிப்பு. வீட்டுக்குக் கையில் காசு வரும் காலம் அது. அந்த நேரத்தில் வருகைப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் போனால் உங்களை யாரும் மதிக்க மாட்டார்கள். ஆக, படிப்பு ஒழுங்காக நடக்கும் மாதங்கள் கொஞ்சம்தான்.

மகன் சத்தம் போடுவதில் பாதி நியாயம் இருக்கிறது. தந்தேவாடா என்றாலே 2010 ஏப்ரலில் மாவோயிஸ்ட்கள் 76 படையினரைக் கொன்ற அந்தத் தாக்குதல்தான் வெளியில் இருப்பவர்களுக்கு நினைவு வரும். அதற்கு முன்பே 2005-ல் மாவோயிஸ்ட்களை எதிர்க்க சல்வா ஜுடும் என்று ஊர் மக்கள் கையிலேயே ஆயுதத்தைக் கொடுத்து, ஊர் ஊராகக் காலி செய்ய வைத்தார்கள். 2011-ல் உச்ச நீதிமன்றம் அதைச் சட்ட விரோதம் என்றது. பள்ளிக் கட்டடங்களில் படையினர் தங்கினார்கள். மாவோயிஸ்ட்கள் பள்ளிக் கட்டடங்களைக் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். நடுவில் மாட்டிய பிள்ளைகளுக்காக மூங்கில் தட்டியில் எழுந்தவைதான் 'போட்டா கேபின்' என்று ஊர் வாயில் வழங்கும் விடுதிப் பள்ளிகள். இப்போது மாவோயிஸ்ட்களின் பலம் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் அந்தப் பயம் பழக்கமாகிப் போனது, அது அவ்வளவு சீக்கிரம் போகாது.

இதில் உங்கள் மகனுக்குத் தெரியாத ஒன்று உண்டு. வெளியூரிலிருந்து வந்து, நாலு மாதம் இருந்து, டிக்கெட் எடுத்துத் திரும்புகிற டீச்சரம்மாவுக்கு ஆபத்து குறைவுதான். உங்களைப் பைக்கில் உட்கார வைத்துக் கூட்டிப்போகிற உள்ளூர் ஆசிரியர்தான் யோசித்து நடக்க வேண்டியவர். மூடிக் கிடந்த பள்ளிகளைத் திறந்தபோது, 'ஷிக்ஷாதூத்' என்று அந்தந்த ஊர்ப் பையன்களையே பாடம் நடத்த வைத்தார்கள். பக்கத்து பிஜாப்பூர், சுக்மா மாவட்டங்களில் அவர்களில் சிலரைப் போலீசுக்குத் துப்புச் சொன்னவர்கள் என்று சந்தேகித்து மாவோயிஸ்ட்கள் கொன்றார்கள். மறுபக்கம், படையினரும் அதே ஊர்ப் பையன்களைச் சந்தேகக் கண்ணோடுதான் பார்த்தார்கள். எனவே போலீஸ் வண்டியில் லிஃப்ட் கேட்காதீர்கள், கூப்பிட்டுக் கொடுத்தாலும் வேண்டாம். படையினர் முகாமைப் படம் எடுக்காதீர்கள். "இந்த ஊர்ல இப்பவும் அவங்க வர்றாங்களா?" என்று பேச்சுவாக்கில்கூடக் கேட்காதீர்கள். காலையில் கூட வருகிறவர் "இன்னிக்கு வேண்டாம் மேடம்" என்றால் சரி என்று திரும்பி உட்கார்ந்துவிடுங்கள். காரணம் கேட்டால் அவர் ஒரு பொய் சொல்ல வேண்டியிருக்கும், அந்தச் சங்கடம் எதற்கு.

இதெல்லாம் மற்றவர்களைவிட உங்களுக்குச் சுலபமாகப் புரியும். நீங்கள் வேலை பார்த்த பள்ளி எதனால் வந்தது என்று யோசித்துப் பாருங்கள். ரேகைச் சட்டம் என்று ஊர் சொன்ன குற்றப் பரம்பரைச் சட்டத்தில் ஊர் ஆண்களையெல்லாம் போலீஸ் பதிவேட்டில் ஏற்றிய காலம். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு. மாயக்காள் உள்பட 16 பேர் செத்தார்கள். அந்தக் காலத்திலேதான் சீரமைப்பு என்ற பெயரோடு பள்ளிக்கூடமும் வந்தது. போலீசும் வாத்தியாரும் ஒரே பாதையில் ஊருக்குள் வந்தால் ஊர் எப்படிப் பார்க்கும் என்பது உங்கள் ஊர்ப் பாட்டிகளுக்குத் தெரிந்த கதை. பஸ்தரில் இன்று பல இடங்களில் முதலில் முகாம் வருகிறது, பின்னாலேயே ரோடு, ரேஷன், பள்ளி. பிள்ளையை அனுப்பத் தயங்குகிற தாயைப் பார்த்து, படிப்பின் அருமை தெரியாத சனம் என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள். பயிற்சி கொடுக்க வருகிற படித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் சொல்கிறார்கள்.

சரி, அன்றாடத்துக்கு வருவோம். பெரும்பாலான நாள் சாகசம் ஒன்றும் இருக்காது, காத்திருப்புதான் இருக்கும். ஐந்து மணிக்கு அடிபம்பு. பால் இல்லாத சிவப்புத் தேநீர். பத்து மணிப் பள்ளிக்கு ஒன்பதுக்கே கிளம்பி நிற்பீர்கள், வண்டி வராது. வந்தால் வாத்தியார் இருக்க மாட்டார். சாதிச் சான்றிதழ் பாரம், கணக்கெடுப்பு, ஆதார் என்று யாராவது கூப்பிட்டிருப்பார்கள். ஓராசிரியர், ஐந்து வகுப்பு, ஒரே அறை. பிள்ளைகள் அட்டை அட்டையாக, அவரவர் வேகத்தில் படிக்கும் செயல்வழிக் கற்றல் வந்தபோது நாமெல்லாம் அட்டையையும் ஏணிப்படியையும் திட்டிக்கொண்டே கற்றுக்கொண்டோமே, அங்கே உங்களுக்குச் சோறு போடப்போவது அந்த அனுபவம்தான். பல வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்து, ஆளுக்கொரு வேலை கொடுத்து ஓட்டுவது எப்படி என்று அங்கே புத்தகத்தில் படித்தவர் உண்டு, செய்து பார்த்தவர் குறைவு.

ஆனால் 'பயிற்சி' என்று மேடை போட்டுப் பேசினால் போச்சு. சனிக்கிழமை சுற்றுவட்டப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் சி.ஆர்.சி. கூட்டத்தில் கையெழுத்துப் போட்டு, வடை தின்றுவிட்டு பஸ் பிடித்தவர்கள்தானே நாமும். அங்கே அதற்குச் சங்குல் கூட்டம் என்று பெயர், வடைக்குப் பதில் சமோசா. மற்றபடி எல்லாம் அதேதான்.

வேலை நடப்பது வகுப்பறையின் கடைசி வரிசையில். கீதம் பக்கம் ஒரு பள்ளி. முப்பது வயது இருக்கும், கோண்டு இனத்து ஆசிரியர். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரைக்கும் அவர் விறைப்பாக நின்று, சுத்தமான புத்தக ஹிந்தியில் உரக்கக் கழித்தல் கணக்கு நடத்தினார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒன்றும் விளங்கவில்லை. வீட்டில் அவர்கள் பேசுவது கோண்டி. மறுநாள் நான் தட்டிச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு சிறுமி புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் குவித்துக்கொண்டிருந்தாள், நானும் குவித்தேன். கொஞ்ச நேரத்தில் வாத்தியாரின் குரல் தணிந்தது. கோண்டிக்கு மாறிவிட்டார். மாறிய கையோடு என்னை ஒரு பார்வை பார்த்தார், திட்டுவேனோ என்று. நான் கொட்டையை விட்டுத் தலை தூக்கவில்லை. அடுத்த சங்குல் கூட்டத்தில் அதே கணக்கை அவரையே மற்ற ஆசிரியர்களுக்குக் கோண்டியில் நடத்திக் காட்டச் சொன்னேன். அந்தச் சமோசா கூட்டத்தில் ஒருவரும் பாதியில் எழுந்து போகாதது அன்றைக்குத்தான்.

அதனால் இங்கிருந்து பெட்டி பெட்டியாகக் கற்பித்தல் உபகரணம் சுமக்காதீர்கள். நம் மண்டிகளுக்கே பஸ்தரிலிருந்து புளி வருகிறது, அங்கே கொட்டைக்கா பஞ்சம்? இன்னொன்று: பதிவேட்டில் இருக்கும் தலைகளும் வகுப்பில் இருக்கும் தலைகளும் ஒத்துப்போகாத நாள் வரும். கண்ணில் பட்டாலும் எண்ணாதீர்கள். நீங்கள் தணிக்கைக்குப் போகவில்லை. ஒரு தடவை எண்ணிவிட்டால் அதற்கப்புறம் எந்த வாத்தியாரும் உங்கள் முன்னால் தன் மொழியில் பாடம் நடத்த மாட்டார்.

உங்கள் ஹிந்தி படிக்க உதவும், பேச உதவாது. இப்போதிலிருந்தே யாரிடமாவது பேசிப் பழகுங்கள். இலக்கணம் பிசகினால் பரவாயில்லை, அங்கே ஆசிரியர்களுக்கும் அது இரண்டாவது மொழிதான்.

உடம்பு. சர்க்கரைக்கு மாத்திரை என்பதால் சரி. இன்சுலின் என்றால் போகவே வேண்டாம் என்றிருப்பேன், மின்சாரத்தை நம்பி ஃபிரிட்ஜ் வைக்க முடியாது. நாலு மாதத்துக்கும் மாத்திரையைக் கையோடு கொண்டுபோங்கள். சாப்பாடு சோறுதான், கஷ்டமில்லை. சிவப்பெறும்புத் துவையல் கொடுப்பார்கள். புளிப்பாக நன்றாகவே இருக்கும், பிடிக்காவிட்டாலும் முகம் சுளிக்காதீர்கள். பயப்பட வேண்டியது மலேரியாவுக்கு. துப்பாக்கியைப் பற்றிக் கேட்கிற மகன் கொசுவைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும்! மருந்து தோய்த்த வலைக்குள் படுங்கள். காய்ச்சல் என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று டோலோ போட்டுப் படுக்காமல், அன்றைக்கே ஊரிலிருக்கும் மிதானினிடம் போய்விடுங்கள். நம்மூர் ஆஷா பணியாளர் மாதிரி அவர். விரலில் குத்தி, அட்டையில் சோதித்து, மாத்திரையும் கொடுத்துவிடுவார். அதற்கும் மேல் போனால் ஜெகதல்பூர் அரசு மருத்துவக் கல்லூரி.

நிறுவனத்திடம் சில விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். மாவட்ட நிர்வாகத்தின் அனுமதிக் கடிதம் உங்கள் பெயரில் இருக்குமா, தங்குமிடத்தில் இன்னொரு பெண் கூட இருப்பாரா, கழிப்பறை உள்ளேயா வெளியேயா, அவசரம் என்றால் எந்த வண்டி, யார் ஓட்டுவது. 'அதெல்லாம் பார்த்துக்கலாம் மேடம்' என்று பதில் வந்தால் நீங்களும் அப்புறம் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகனிடம் ஒரு ஒப்பந்தம் போடுங்கள். வாரச் சந்தை நாளில் டவுனுக்கு வருவீர்கள், அன்று சிக்னல் இருக்கும், அன்று கட்டாயம் பேசுவீர்கள். நடுவில் போன் வராவிட்டால் ஊரைக் கூட்டக் கூடாது. அவன் கையில் மாவட்ட வரைபடம் ஒன்றையும் கொடுத்து, நீங்கள் இருக்கும் ஊரை வட்டம் போட்டுக் காட்டுங்கள். சுக்மாவில் ஏதாவது என்று டிவியில் ஓடினால், அம்மா எவ்வளவு தூரத்தில் இருக்கிறாள் என்று பார்த்துக்கொள்வான்.

கொடைக்கானலுக்கு வாங்கிய ஸ்வெட்டர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரிக் குளிர் நம் மதுரை உடம்புக்கு ஜாஸ்தி. டார்ச்சும் பேட்டரியும் ஜெகதல்பூரிலேயே கிடைக்கும். விசாகப்பட்டினம் வரை எந்த வண்டியில் போனாலும் சரி, அங்கிருந்து கிரந்துல் போகும் பகல் ரயிலைப் பிடியுங்கள். அரக்கு வழியாகக் குகை குகையாக ஏறிப் போகும். இரவு வண்டியும் ஒன்று உண்டு. தூங்கிக்கொண்டு போகலாம், ஆனால் ஒன்றும் பார்க்க முடியாது.