மானுக்காக வாங்கிய பெர்சிமன்

கேள்வி: மான்கள் பழம் தின்ன வரட்டும் என்று பத்து பெர்சிமன் பழமரக் கன்றுகள் வாங்கி நட்டோம். விளம்பரத்தில் ‘காய்க்கும் மரம்’ என்று போட்டிருந்தது. எட்டு வருஷம் கழித்துப் பூத்தன. நாலு மரம் காய்த்தது, ஆறில் பிஞ்சே இல்லை. விற்றவர், “தேனீ குறைவு, பொறுங்கள்” என்கிறார். (வாசகர், மிசௌரி)

பதில்: நாலு மரத்துக்கு வந்த தேனீ பக்கத்து மரங்களுக்கு வராதா? அவர் சொல்வது பொய்.

அமெரிக்க பெர்சிமனில், பனையைப் போலவே, ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதை போட்டு வளர்த்த கன்றுகளில் ஏறத்தாழப் பாதி ஆணாகத்தான் இருக்கும். பூக்கும் வரை எது எதுவென்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நர்சரிக்காரருக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தும் ‘விதைக்கன்று’ என்ற ஒரு சொல்லைப் போடாமல் விடுகிறார்களே, அதில்தான் எனக்கு நெடுநாள் ஆத்திரம். விதைக்கன்று விற்பதில் தப்பில்லை. மாநில வனத்துறை நாற்றங்கால்களிலேயே மலிவாகக் கிடைக்கும். நிறைய நட்டால் பெண் மரங்களும் தேறும். அதையே, பெண் மரக் குச்சியை ஒட்டி வளர்த்த ஒட்டுக்கன்றின் விலைக்கு விற்பதுதான் மோசடி. எனக்கும் ஒருவர் ‘உறுதியாகப் பெண்’ என்று சீட்டுக் கட்டி ஆண் மரத்தை விற்றார். தண்டில் ஒட்டுப்போட்ட தழும்பே இல்லை என்று காட்டியும் பணம் திரும்பவில்லை. பணத்தை விடுங்கள், காத்திருந்த வருஷங்களை யார் திருப்பித் தருவார்கள்?

பில்லும் விளம்பரமும் கையில் இருந்தால் மாநில அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமைச் சட்ட அதிகாரி) அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுங்கள். மரங்களை வெட்டாதீர்கள். ஆண் பூ சின்னது, இரண்டு மூன்றாகக் கொத்தாக வரும். பெண் பூ பெரியது, தனியாக இருக்கும். ஆண் மரங்களில் ஒன்றிரண்டை மகரந்தத்துக்கு விட்டுவிட்டு, மற்றவற்றில் வசந்த காலத்தில் பெண் மரக் குச்சியை ஒட்டுக்கட்டலாம். வேர் ஏற்கெனவே ஊன்றியிருப்பதால் மறுபடி எட்டு வருஷம் ஆகாது.

கேள்வி: தபாலில் வந்த கன்றின் வேர் கரிபோல் கறுப்பாக இருக்கிறது. அழுகலா?

பதில்: இல்லை. பெர்சிமன் வேரே கறுப்புதான். தண்டின் பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள்; உள்ளே பச்சை தெரிந்தால் உடனே நடுங்கள். ஆணிவேரை வெட்டாதீர்கள், காயவும் விடாதீர்கள்.

கேள்வி: ‘மானுக்கான சிறப்பு பெர்சிமன்’ மூன்று மடங்கு விலை. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மான் தின்பது அதே பெர்சிமனைத்தான். அந்தப் பணத்துக்கு ரகப் பெயர் போட்ட ஒட்டுக்கன்று வாங்குங்கள், பழம் எந்த மாதம் உதிரும் என்று கேளுங்கள். சில மரங்கள் செப்டம்பரிலேயே உதிர்க்கும், சில டிசம்பர் வரை பிடித்து வைத்திருக்கும். இரண்டு விதமும் கலந்து நட்டால் மான் திரும்பத் திரும்ப வரும்.

கேள்வி: படத்தில் பழம் பெரிதாக இருந்ததால் ஃபுயூ ரக பெர்சிமன் வாங்கினேன். முதல் குளிரிலேயே காய்ந்துவிட்டது. அடியிலிருந்து தளிர் வருகிறது. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? (வாசகர், மினசோட்டா)

பதில்: எதைச் சொல்லிக் கேட்பீர்கள்? ஃபுயூ ஆசிய ரகம், மினசோட்டா குளிரைத் தாங்காது. எந்தக் குளிர் மண்டலம் வரை பிழைக்கும் என்று விற்பவர்கள் போடுவது வழக்கம். அதைப் படிக்காமல் படத்தை மட்டும் பார்த்து வாங்கினால் நான் என்ன செய்ய? அந்தத் தளிர் அடிக்கன்றுடையது (ஃபுயூ குச்சியை ஒட்டிய வேர்ப்பகுதி), ஃபுயூ பழம் தராது. வடக்கத்திய அமெரிக்க ரகம் பாருங்கள்.

கேள்வி: ஒரு மரத்துக்குத்தான் இடம். எந்த ரகம் வாங்கலாம்?

பதில்: மீடர் என்ற அமெரிக்க ரகம். ஆண் மரம் இல்லாமலே காய்க்கும்.

கேள்வி: மரம் காய்க்கும் வரை கடையில் பழம் வாங்கிக் கொட்டினால் என்ன?

பதில்: கொட்டாதீர்கள். மானுக்குத் தீனி போடுவதற்குப் பல மாநிலங்களில் தடையோ கட்டுப்பாடோ உண்டு. ஒரே இடத்தில் மான்கள் கூடினால் நாள்பட்ட உடல் நலிவு நோயும் எளிதாகப் பரவும்.

கேள்வி: நட்ட கன்றின் நுனியை மான் கடித்துவிட்டது, இன்னொன்றில் கொம்பைத் தேய்த்துப் பட்டையை உரித்துவிட்டது. மாற்றுக் கன்று தருவார்களா?

பதில்: தரமாட்டார்கள். ஐந்தடி உயரக் கம்பி வலையைத் தண்டிலிருந்து தள்ளி வட்டமாகக் கட்டுங்கள். பட்டை சுற்றிலும் உரிந்திருந்தால் மேல்பகுதி பிழைக்காது. விதைக்கன்றானால் தரையோடு வெட்டிவிடுங்கள், வேரிலிருந்து புதிதாகத் துளிர்க்கும். ஒட்டுக்கன்றில் காயம் ஒட்டுக்கு மேலே இருந்தால், காயத்துக்குக் கீழே, ஒட்டுக்கு மேலே வெட்டுங்கள்.